மாதாவின் சுற்றும் எங்கள் தோட்டத்து அடுப்புகளும்

முழங்காலில் நின்றால் மறுபடி எழும்புவதற்கு ஒரு கதிரையும் ஒரு பேரப்பிள்ளையும் தேவைப்படுகிற நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நீங்கள் எல்லோரும் ஒழுங்காக முழங்காலில் நின்றவர்கள். நான் குதிகாலில் உட்கார்ந்து ஏமாற்றியவன். அப்படியும் எனக்குத்தான் மூட்டு முதலில் போனது. இதில் ஏதோ நீதி இருக்க வேண்டும். நான் அதைத் தேடிப் போகப் போவதில்லை.

நம் தோட்டத்துக் கோயிலை மறுபடியும் மூடப்போகிறார்களாம் என்று போன மாதம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும், அழுகிற முகங்களை வரிசையாக அனுப்பினீர்கள். நான் அனுப்பவில்லை. அந்த முகம் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 'மறுபடியும்' என்ற சொல். முதல் தடவை மூட வந்தபோது என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? நீங்கள் மறந்திருந்தாலும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கோயில் என்றதும் வஹகோட்டைக் கோயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளே. வருசத்துக்கு ஒரு தடவை லொறியில் ஏறி அந்தத் திருவிழாவுக்குப் போகும்போதுதான் கோயிலுக்குக் கோபுரம் இருக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியவரும். நம்முடையது மாத்தளைக்கு மேலே, மலைச் சரிவில், ஒரு காலத்தில் கொக்கோ விதை புளிக்க வைத்த ஸ்டோர். துரை ஒருவர் மனமிரங்கிக் கொடுத்தது. தகரக் கூரை. மழை பெய்தால் சாமியார் வாயசைப்பது மட்டும் தெரியும், சத்தம் கேட்காது. ஈரத்தில் சுவரிலிருந்து பழைய கொக்கோவின் புளிப்பு வாசனை கிளம்பும். சொக்லேட்டை வாயில் வைப்பதற்குப் பல வருசம் முன்பே அதன் பிறப்பு வாசனையை முகர்ந்தவர்கள் நாம்.

கோயிலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காம்பராவும் குசினியும்தான் எங்கள் வீடு. அப்பா உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் டவுனிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் அப்பாவின் வேலை. பகலில் மிளகு காயவைக்கும் களத்தில் நிற்பார்.

அப்பாவிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு நாள் துரை களத்துக்கு வந்து, "யார் இங்கே தூங்கினது?" என்று கேட்க, எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, "நான்தாங்க தொரை, கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்று சொல்லி அரை நாள் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்துவிட்டு வந்த மனுசன். அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருசம் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் லயத்து வரிசை வீடுகளில் ஏதாவது ஒரு காம்பராவின் கதவு சாத்தியபடி கிடக்கும். பூசைக்கு வருகிறவர்கள் முன் வரிசைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் சாமியார் திரும்பி நின்றார். அவர் மன்னார்ப் பக்கத்து ஆள். ஒல்லி, சிரிக்காத முகம். அவர் பேச்சு நமக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் அன்றைக்குப் பேசியது எல்லோருக்கும் விளங்கியது.

"பிள்ளையள், நான் சுத்தி வளைச்சுக் கதைக்க மாட்டன். குடும்பங்கள் குறைஞ்சுபோச்சு. இருக்கிற ஆக்களும் இண்டைக்கோ நாளைக்கோ கப்பல் ஏறுற ஆக்கள். இந்தக் கோயிலை மூடிப்போட்டு, மாதா சுரூபத்தை டவுன் கோயிலுக்குக் கொண்டு வரச் சொல்லி ஆயர் சொல்லிப்போட்டார்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சாமியார் கூரையைப் பார்த்தார்.

"இது மாதா வீடு சந்திக்கப் போற மாதம். சுற்று முடியட்டும். முடிஞ்ச பிறகுதான் கொண்டு போவன்."

பிள்ளைகளுக்காக இதையும் சொல்ல வேண்டும். ஜெபமாலை மாதத்தில் மாதா கோயிலில் இருக்க மாட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்குவாள். சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி அடுத்த வீட்டுக்கு ஊர்வலமாகப் போவாள். சுற்று முடியாமல் பீடத்துக்குத் திரும்புவதில்லை. அவளைச் சுமந்தது ஒரு தேயிலைப் பெட்டி. ஒரு பக்கப் பலகையை அறுத்தெடுத்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித் தாளை அப்படியே விட்டிருந்தார்கள். மெழுகுதிரி ஏற்றினால் கசங்கிய தாள் முழுக்கச் சுடர் பரவி, மாதா நிலா வெளிச்சத்துக்குள் நிற்பது போல இருக்கும். பெட்டியின் முதுகில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. லண்டனுக்குப் போக வேண்டிய பெட்டி, நம் லயங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அம்மிக்கல்லை அதன் இடத்திலிருந்து பெயர்த்துச் சுவரில் சாய்த்து நிறுத்தியதுதான்.

"என்னாடி இது?" என்றார் அப்பா.

"கோயில மூடுனா காம்பராவையும் தோட்டம் எடுத்துக்கும். எப்புடியும் கலேவெலைக்குத்தான போகணும். கடைசி நேரத்துல கெடந்து அல்லாட முடியாது."

கலேவெலையில் பெரியப்பா மரக்கறி யாவாரம் செய்தார். வெயில் ஊர். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். பெரியப்பாவுக்கு நிறையப் பிள்ளைகள். அவர்களோடு ஒரே பாயில் படுத்தால் ஒருவனுடைய கால் என் வயிற்றிலும் இன்னொருவனுடைய கால் என் மூக்கிலும் இருக்கும். ஆனால் அம்மாவின் பயம் வேறு.

"நீங்க சந்தையில ஒக்காந்து தக்காளி விப்பீங்களா? இது எப்ப பறிச்சதுன்னு ஒருத்தன் கேட்டா, போன வாரம்னு சொல்லிப்புடுவீங்களே! உங்கண்ணன் ஒரு மாசத்துல நம்மள வீதிக்கு அனுப்பிருவாரு."

அப்பா தலையாட்டினார், அம்மா சொன்னது உண்மை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மிச் சத்தம் இல்லை. சம்பல் இல்லை. அரைத்த குழம்பு இல்லை. பக்கத்து லயத்தில் போய் அரைத்துவர அம்மாவுக்கு ரோசம். வெறும் கிழங்கு அவியலும் உப்பும் தின்று வளர்ந்த அந்தக் காலத்தில்தான் நான் மாதா பக்தன் ஆனேன். மாதா போகிற வீட்டில்தான் சாப்பாடு இருந்தது. ஜெபமாலை முடிந்ததும் கடலை, அவல், தேங்காய்ச் சில்லு, கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ. நான் அப்பாவுக்கு முன்னால் கைமணி ஆட்டிக்கொண்டு போவேன். ஊர்வலத்தில் என்னைவிட உருக்கமாக நடந்த பிள்ளை கிடையாது. மன்றாட்டுமாலைக்கு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிச் சொல்லி நாக்கு அதிலேயே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது, "காலக் கழுவுனியாடா?" என்று அம்மா கேட்டால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பேன்.

அட்டைகளையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்து ஊர்வலத்தில் காலில் ஏறிய அட்டையை ஜெபமாலை நடுவில் பிடுங்கக் கூடாது, அப்பா பார்ப்பார். பத்துப் பத்து மணியாக ஐந்து காரணிக்கமும் முடிகிறவரைக்கும் என் கெண்டைக்காலில் தொங்கி, கடைசி ஆமேனுக்குக் கொழுத்து உருண்டு விழும். அந்தத் தோட்டத்து அட்டைகள் எல்லாம் என் இரத்தத்தில் ஞானஸ்நானம் பெற்றவை.

கத்தோலிக்க வீடுகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மேல் லயத்துக் கடைசி வீட்டில் ஜெபமாலை முடிந்தது. எல்லோரும் எழும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குப் போக வீடு இல்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கோ, கடலைச் சட்டி காலியாகிவிட்டதுதான் தெரிந்தது.

"அப்பா, நாளைக்கு யாரு வீடு?"

"அவ்வளவுதான்டா. முடிஞ்சுது."

"பால்காரக்கா வீட்டுக்கு மாதா போகவே இல்லையே?"

நான் ஏதோ அருள் வந்து பேசியதாகப் பின்னாளில் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். இல்லை. பால்காரக்கா வீட்டில் மாடு இருந்தது. அங்கே போனால் பால் தேத்தண்ணி கிடைக்கும் என்று என் வயிறு பேசியது.

பால்காரக்கா மாரியம்மன் கும்பிடுகிறவள். ஆனாலும் எல்லா நாளும் போல அன்றைக்கும் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்கும் வரட்டுமே, உபதேசியாரே. நானே கேக்கணும்னுதான் இருந்தேன். கூச்சமா இருந்துச்சு."

அப்பா தயங்கினார். "சாமிகிட்ட ஒரு வார்த்த கேக்காம..."

அப்போதுதான் மூப்பர் வாயைத் திறந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரிய மனிதர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். நினைத்ததை நினைத்த நேரத்தில் துப்புவார், எச்சிலையும் சரி, வார்த்தையையும் சரி. "சாமி என்னா சொன்னாரு? வீடு வீடாப் போற சுற்று முடியட்டும்னாரு. யாரு வீடுன்னு சொன்னாரா? நீங்கதான் பொய் பேசாத ஆளாச்சே. சொல்லுங்க பாப்போம்."

அப்பா யோசித்தார். "சொல்லல" என்றார்.

மறுநாள் மாதா பால்காரக்கா வீட்டில் மஞ்சள் பூசிய வாசல்படி தாண்டி வேப்பிலைத் தோரணத்துக்கு அடியில் உட்கார்ந்தாள். பால் தேத்தண்ணியில் ஏலம் தட்டிப் போட்டிருந்தது. அதன் பிறகு லயம் முழுக்க, "எங்க வீட்டுக்கு எப்ப?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துக் கேட்டடியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மட்டும் அப்பாவைக் கூப்பிட்டு, "எங்கட ஊட்டுக்கு சிலை வர ஏலா, உபதேசியார், அது ஒங்களுக்கும் தெரியும். ஆனா எங்கட மெழுகுதிரி ஒங்கட பொட்டிக்கு வரலாம்தானே?" என்று ஒரு கட்டுத் திரியைக் கையில் வைத்து அமுக்கினார். சுற்று முடிகிறவரைக்கும் திரிக்குக் குறைவில்லை.

அடுத்த மாதம் சாமியார் வந்தார். பூசை முடிந்து குடையை எடுத்துக்கொண்டே, "என்ன உபதேசியார், சுற்று முடிஞ்சுதோ?" என்றார்.

"இன்னும் இல்லிங்க சாமி."

"இப்ப எங்க நிக்கிறா?"

"ரெண்டாம் லயத்துலங்க. மாரியம்மன் கும்புடுறவங்க லயங்க." அப்பாவுக்கு மறைக்க வராதே!

சாமியார் குடையை விரித்து இரண்டு உதறு உதறினார். "சரி. முடியட்டும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அந்த உதறலைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். "கோவத்துல ஒதறுனாரு. ஆயருகிட்ட போய் சொல்லப் போறாரு" என்றார் மூப்பர். "நம்ம மூஞ்சியிலயே தெறிச்சுச்சு" என்றாள் அம்மா. இப்போது யோசிக்கிறேன். குடை நனைந்திருந்தது. நனைந்த குடையை யாரும் உதறத்தான் செய்வார்கள். அதற்காகப் பெரிய மனிதர்கள் ஒரு வாரம் தூங்காமல் இருந்தார்கள்.

மாரியம்மன் வீடுகளும் முடியத் தொடங்கின. மார்கழிப் பனி வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மூப்பர் எங்கள் குசினி வாசலில் வந்து உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார்.

"உபதேசியாரே, தோட்டத்துல எழவு சொல்லப் போறவன் எப்புடிச் சொல்லுவான்?"

"வீடு வீடா."

"தப்பு. அடுப்பு அடுப்பா. ஒரே காம்பராவுல அப்பன் ஒரு அடுப்பு, மகன் ஒரு அடுப்புன்னா ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சொல்லணும். இல்லேன்னா ஒருத்தன் சாவுக்கு வர மாட்டான். அப்போ நம்ம தோட்டத்துல வீடுங்கிறது என்னா?"

அப்பா அவரையே பார்த்தார். அம்மா விறகை நகர்த்துவதை நிறுத்திவிட்டாள்.

"அடுப்பு" என்றார் அப்பா, மெதுவாக.

"சாவுக்கு ஒரு கணக்கு, மாதாவுக்கு ஒரு கணக்கா?"

அப்பா ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு விடிந்ததும் ஒரு நிபந்தனை போட்டார். "அடுப்பு நெசமாவே தனியா எரியணும். சும்மா மூணு கல்ல வச்சுட்டு என்னைய ஏமாத்தக் கூடாது. நான் போய் மூடி தொறந்து பாப்பேன்."

அதன் பிறகு நம் லயங்களில் நடந்த பாகப் பிரிவினையைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. ஒற்றுமையாக இருந்த அண்ணன் தம்பிகள் ஒரே நாளில் உலை பிரித்தார்கள். மூன்று மகன்கள் இருந்த கிழவர் ஒருவர், "நான் யாரோடயும் சேர மாட்டேன்" என்று தனக்கும் ஒரு அடுப்பு மூட்டிக்கொண்டு பெருமையோடு உட்கார்ந்தார். காம்பராக்களில் புகை மண்டி எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தோம். அப்பா ஒவ்வொரு குசினியாகப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். வெந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஊரே மெலிந்த அந்த வருசம் நான் மட்டும் கால்சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றேன்.

மேல் லயத்து மாமியாரும் மருமகளும் ஞாபகம் இருக்கிறதா? ஒரே அடுப்புக்காக விடியக்காலையில் சண்டை போட்டுத் தோட்டத்தை எழுப்புகிறவர்கள். அவர்களால் காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற பெரட்டுத் தப்பே தேவையில்லை என்பார்கள். அவர்களும் பிரிந்தார்கள். ஒரு வாரத்தில் சண்டை நின்றுபோனது. மாமியார் வைத்த கருவாட்டுக் குழம்பு மருமகளுக்குப் போகும், மருமகள் சுட்ட ரொட்டி மாமியாருக்கு வரும். அப்பாவுக்கு அதிலும் கவலை. "இப்புடி மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டா அது தனி அடுப்பா?"

மாமியார் அகப்பையை உயர்த்தினாள். "நாங்க இவ்வளவு நாளும் ஒரே அடுப்புல இருந்து ஒருத்திக்கொருத்தி ஒரு வாய் குடுத்ததில்ல. இப்பத்தான் குடுக்குறோம். நீங்க வேணும்னா மாதாகிட்டயே கேளுங்க உபதேசியாரே, இத சேக்கணுமான்னு!"

அப்பா கேட்கவில்லை. அந்த அடுப்புகள் அவர்கள் சாகும்வரை சேரவே இல்லை.

இதற்கு நடுவில்தான் என் கூட்டாளி வீட்டுக்குப் பயண நாள் வந்தது. கூட்டாளி, நீ திருச்சிப் பக்கத்தில் இருந்து இதை வாசிப்பாய் என்று தெரியும். பிழை இருந்தால் திருத்து. விடிந்தால் லொறி. சட்டிபானை எல்லாம் விற்றாகிவிட்டது. மூட்டைகள் கட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டு முறை இன்னும் ஒரு வாரம் கழித்து என்று இருந்தது. உன் அப்பா எங்கள் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நாளைக்கு நாங்க இல்ல. இன்னிக்கு ராவைக்கு மாதா வந்தா..."

"அடுப்பு எரியுதா?" என்றார் அப்பா.

"இல்லிங்க. கல்லக்கூடப் பேத்துட்டோம்."

அப்பாவின் முகம் கோணியது. மாட்டேன் என்று சொல்ல மனம் இல்லை. தன் விதியை மீறவும் தெரியவில்லை. அம்மா எழுந்தாள். எங்கள் அடுப்பிலிருந்து கனிந்த கொள்ளிகளை ஒரு தகரத்தில் அள்ளினாள். ஒரு கையில் தகரம், மறு கையில் எங்கள் தேத்தண்ணிக் கேத்தல். மழைத் தூறலில் முந்தானையால் நெருப்பை மறைத்துக்கொண்டு உங்கள் காலிக் காம்பராவுக்கு நடந்தாள். மூலையில் மூன்று செங்கல்லை வைத்து ஊதி ஊதிப் பற்றவைத்தாள். தேத்தண்ணி கொதித்ததும் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"வந்து மூடியத் தொறந்து பாருங்க."

அப்பா கேத்தல் மூடியைத் திறந்து பார்த்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

அன்றைக்கு அந்த வெறும் காம்பராவில் வெள்ளித்தாள் வெளிச்சம் நாலு சுவரிலும் அலைந்தது. விடிய நீ எனக்கு உன் சைக்கிள் ரிம்மைத் தந்துவிட்டு லொறியில் ஏறினாய். அதைத் தொலைத்துவிட்டேன், பள்ளத்தில் உருண்டு போனது, நானும் பின்னால் உருண்டேன். நான் மட்டும் கிடைத்தேன்.

தைப்பொங்கல் தாண்டியது. ஒடுக்கத்தில் எங்கள் காம்பரா ஒன்றுதான் மிச்சம். மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரே முற்றத்தில் நின்று ஜெபமாலை சொன்னது. பால்காரக்கா கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கடலை இறங்கவில்லை. அம்மா தகரப்பெட்டியில் உடுப்புகளை அடுக்கிவிட்டாள். சாய்த்து வைத்த அம்மிக்கல் சுவரில் ஒரு ஈரத் தடத்தை உண்டாக்கியிருந்தது. அதை நான் விரலால் தடவிக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் சாமியார் வருகிற ஞாயிறு. பூசை முடிந்தது. அவர் எங்கள் குசினிக்கே வந்துவிட்டார்.

"உபதேசியார், சுற்று முடிஞ்சுதோ?"

மூப்பர் அப்பாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். ஒரே ஒரு 'இல்லை' போதும். ஆனால் யாரிடம் போய் அதை எதிர்பார்ப்பது?

"முடிஞ்சுதுங்க சாமி" என்றார் அப்பா.

சாமியார் சாய்ந்து நின்ற அம்மியைப் பார்த்தார். கட்டிவைத்த பெட்டியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"எல்லா அடுப்புக்கும் போயிட்டாவோ?"

அவர் வாயிலிருந்து அடுப்பு என்ற சொல் வந்ததும் மூப்பர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"எ... எல்லா அடுப்புக்கும்ங்க."

"எண்ட அடுப்புக்கு வரேல்லையே?"

சாமியார் முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்குச் சமைக்கிற ஆள் ஊருக்குப் போயிட்டார். நானே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில காய்ச்சிக் குடிக்கிறன். தனி அடுப்புத்தான். நீங்கள் மூடி திறந்து பாக்கிற ஆள் எண்டு கேள்வி, வந்து பாருங்கோவன். மாதா நாளைக்கு அங்க ஒரு இரவு நிக்கட்டும். அடுத்த நாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

"அடுத்த வீடு... எதுங்க சாமி?"

"போன மாதம் கீழ் லயத்தில ஒரு சோடிக்குக் கலியாணம் கட்டிவச்சனான். அந்தப் பிள்ளையள் இன்னும் தனியா அடுப்பு வைக்கேல்லையோ? வைக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் ஆரும் கலியாணம் கட்டுவினம்தானே?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நானும் அப்பாவும் தேயிலைப் பெட்டியோடு மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் தோட்டத்துத் தேயிலையைக் களவாகக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக் கத்திக்கொண்டே வந்து துணியை விலக்கினார். "அனே, மரியா மெணியோ!" என்று சிங்களத்தில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு முன் சீட்டில் இருந்தவரை எழுப்பினார். மாதா சீட்டில் போனாள். உபதேசியாரும் மகனும் டவுன்வரைக்கும் நின்றுகொண்டே போனோம்.

சாமியாரின் அறையில் மேசையும் கட்டிலும் மண்ணெண்ணெய் நாற்றமும்தான் இருந்தன. அடுப்பில் சட்டி. "பாருங்கோ" என்றார். அப்பா கூச்சத்தோடு மூடியைத் திறந்தார். அடிப்பிடித்த பருப்பு. சாட்சி என்ற முறையில் நான் ஒரு வாய் உண்டேன். தோட்டம் முழுக்கச் சுற்றிய என் நாக்கு அதைவிட மோசமான பருப்பைக் கண்டதில்லை. "நல்லா இருக்குங்க சாமி" என்றேன். அப்பாவின் குணம் எனக்கு வரவில்லை என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

அடுத்த நாள் திரும்பும்போது சாமியார் வாசல்வரை வந்தார். "ஆயருக்குச் சொல்லிப்போட்டன், மாதா டவுனுக்கு வந்திட்டா எண்டு. திரும்பிப் போனாவோ எண்டு கேட்டால் அதையும் சொல்லுவன். கேட்டால்."

அப்பா சிரித்தார். பல் தெரிய அப்பா சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பொய் சொல்லாமலே ஒரு மனிதன் இவ்வளவு தூரம் போகலாம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கோயில் வளைவிலேயே சத்தம் கேட்டது. கல்லில் கல் உரசுகிற சத்தம். அம்மா அம்மியை இறக்கிப் போட்டுத் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். கொச்சிக்காயின் கார வாசனை கோயிலின் கொக்கோப் புளிப்போடு கலந்து வந்தது. அப்பா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அம்மி பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு உருண்டையை வழித்து அவர் கையில் வைத்தாள். காரம், காரம் என்று சொல்லிக்கொண்டே தின்றார்.

ஆயர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கோயில் மூடவில்லை, அது தெரியும். அன்றிலிருந்து நம் கோயிலில் மாதா கிறிஸ்மசுக்குப் பீடம் வந்தால், சுற்று முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. "இளைப்பாற வந்திருக்கா" என்பதுதான் வழக்கம். ஏன் என்று இப்போது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்தச் சாமியாரை நாம் எல்லோரும் எப்படிப் பார்த்தோம்? மூட வந்த மனிதர் என்று. அவர் வந்தால் அம்மா நல்ல கோப்பையை ஒளித்துவைத்துவிட்டு உடைந்த கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பாள். ஆனால் முதல் நாளே அவர் 'மாதம் முடியட்டும்' என்று சொல்லியிருக்கலாமே? 'சுற்று முடியட்டும்' என்றுதானே சொன்னார்? சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாரே, எதற்கு? இது எனக்கு விளங்குவதற்கு முடி முழுக்கக் கொட்ட வேண்டியிருந்தது. நான் எப்போதும் கொஞ்சம் மெதுவான ஆள்.

இனி, போன வாரத்துக் கதை. நான் இப்போது மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் மகன் வீட்டில் கீழ் மாடியில் இருக்கிறேன். கோயில் இளைஞர் சபையிலிருந்து ஒரு பிள்ளை ஃபோன் பண்ணினாள்.

"அங்கிள், கோயில மூடுற கத கேள்விப்பட்டிருப்பீங்க. பாதிப் பேரு கொழும்புல, மத்தவங்க வெளிநாட்டுலன்னு குடும்பமே இல்லையாம். சுற்று முடிஞ்சதும் பேசிக்கலாம்னு புது ஃபாதர் சொல்லிட்டாரு."

"சுற்று முடிஞ்சதுமா?"

"ஆமா அங்கிள். தோட்டத்த விட்டு வெளிய போனவங்க வீட்டுக்கும் மாதாவக் கொண்டு போலாமாம். அதான் ஒன்னு கேக்கச் சொன்னாரு. உங்க வீட்டுல எத்தன அடுப்பு?"

நான் சிரித்த சிரிப்பில் மேலேயிருந்து மருமகள், "மாமாவுக்கு என்னாச்சு?" என்று ஓடி வந்துவிட்டாள். புது ஃபாதருக்கு இந்த அடுப்புக் கணக்கை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் மூட மனமில்லை என்று தெரிந்தது, அது போதும்.

"மேல ஒன்னு, கீழ ஒன்னு. ரெண்டு" என்றேன்.

சொன்னது சொன்னதுதான். ஆனால் அப்பாவின் நிபந்தனை அப்படியே இருக்கிறதே. அடுப்பு நிஜமாகவே எரிய வேண்டும். சுடுதண்ணி வைக்கத் தெரியாத நான் நாலு நாளாகக் கீழே தனியாகச் சமைக்கிறேன். மருமகள் மேலேயிருந்து மீன் குழம்பு அனுப்புகிறாள். நான் இங்கிருந்து என்ன அனுப்புவது என்று தெரியாமல் வாழைப்பழம் அனுப்புகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்துவிட்டது. சாமியார் பருப்புத்தான், அதே கைப்பக்குவம்.

ஆகவே கூட்டாளிகளே, அழுகிற முகங்களை நிறுத்துங்கள். மாத்தளையோ கண்டியோ கொழும்போ, உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு என்று அந்தப் பிள்ளைக்கு உடனே சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். மூடி திறந்து பார்க்க ஆள் வரும். அந்த ஆள் நான்தான், பசியோடு வருவேன்.